ஒலி வேறு, எழுத்து வேறு: கார்னிஷ் மொழி அகாதமிக்கு ஒரு திறந்த மடல்

அகாதமி பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலின் மொழி கார்னிஷ். அதை எழுதுவதில் மார்ட்டன் நான்ஸின் ஒருங்கிணைந்த முறை, 1987-இல் கார்னிஷ் மொழி வாரியம் ஏற்ற கென் ஜார்ஜின் 'கெம்மின்' முறை, நிக்கோலஸ் வில்லியம்ஸின் திருத்திய முறை, ரிச்சர்ட் கெண்டலின் பிற்காலக் கார்னிஷ் என்று பிரிந்து நின்ற தரப்புகளுக்கு 2008-இல் ஒரு பொது எழுத்துமுறை கிடைத்தது. அந்த ஒப்பந்தத்தைக் கலைக்க நாங்கள் கேட்கவில்லை. அது அனுமதிக்கும் மாற்று வடிவங்கள் எல்லாம் ஒரே ரகம் அல்ல என்பதைத்தான் சொல்ல வருகிறோம்.

தலையை ஒருவர் 'பென்' என்கிறார், இன்னொருவர் 'பெட்ன்' என்கிறார். இது காதில் விழும் வேறுபாடு. கார்ன்வாலின் மேற்கே இந்த 'பெட்ன்', பெட்ன் வவுண்டர் கடற்கரையின் பெயரிலேயே நிற்கிறது. இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

பூனைக்கு 'காத்'. இதை கே போட்டும் எழுதலாம், சி போட்டும் எழுதலாம், ஒலி ஒன்றுதான். படிப்பவருக்குச் சிக்கல் அகராதியில் தொடங்குகிறது. முன்னால் 'அன்' என்ற சுட்டு வந்தால் முதலெழுத்து ஜி ஆகிவிடும். 'என் பூனை' என்றால் எச் ஆகி 'ஓ ஹாத்'. புதிதாகக் கற்பவர் முதலில் இந்தத் திரிபை அவிழ்க்க வேண்டும். பிறகு கே-யில் தேடுவதா சி-யில் தேடுவதா என்று திகைக்க வேண்டும். முதல் சுமை மொழியின் இயல்பு. இரண்டாவது நாம் ஏற்றி வைத்தது.

ஆகவே இணைய அகராதியின் தேடலே இரண்டையும் ஒன்றாகக் கொள்ளட்டும். சி-யை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கே ஆக்கினால் கெட்டுவிடும். வீட்டைக் குறிக்கும் சொல்லின் தொடக்கத்தில் உள்ள சி-எச் ஜோடி உடையும். இ, ஐ, ஒய் (e, i, y) முன் வரும் சி-க்கு 'ஸ' ஒலி. ஏ, ஓ, யூ, எல், ஆர் (a, o, u, l, r) முன் வருவதை மட்டும் மாற்றுங்கள். எச்-டபிள்யூ, டபிள்யூ-எச் இரண்டையும் இணையுங்கள். 'வீல்' (Wheal) என்று தொடங்கும் பழைய சுரங்கப் பெயர்களால் பின்னதற்குத்தான் கார்ன்வால் மக்களின் கண் பழகியிருக்கிறது. 'பென்', 'பெட்ன்' போல என்-என் இரட்டையை டி-என் உடன் இணைக்கும்போது அழுத்தம் விழும் அசையைப் பாருங்கள். மற்ற இடத்தில் அந்த மாற்றம் கிடையாது.

தேர்வுத்தாளில், ஒரே விடைக்குள் ஒரே வடிவம் சீராக வந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள்.

2013-இல் இந்தப் பொது எழுத்துமுறையின் மறு ஆய்வு நடந்து முடிந்தது. 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து கார்னிஷைத் தம் முதன்மை மொழி என்றவர்கள் 557 பேர். இவ்வளவு சிறிய கூட்டத்தால் பாடநூலைத் திரும்பத் திரும்ப அச்சிட முடியாது. அடுத்த திருத்தத்துக்கு முன் இந்தத் தேடலைச் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
கார்னிஷ் பாடம் தயாரிப்பவர்கள் சிலர்