தீ வந்தப்புறம் வேப்பந்தழைய ஒடிச்சு என்ன புண்ணியம்

ஆசிரியருக்கு வணக்கம்ங்க. கிருஷ்ணகிரி பக்கம் காட்டை ஒட்டி நமக்கு மாந்தோப்பு, போன மாசி கடைசில எவனோ பீடித்துண்ட போட்டுட்டு போக காஞ்ச புல்லு புடிச்சு வரப்பு தாண்டிருச்சு, வேப்பந்தழைய ஒடிச்சு அடிச்சே அணைச்சோம், அதுக்குள்ள ஓரத்து பெங்களூரா ரக மாமரம் நாலு ஒரு பக்கம் வெந்து பிஞ்செல்லாம் கருவாடு மாதிரி தொங்குச்சு. கலிபோர்னியால 2020 காட்டுத்தீயப்போ நெருப்பே படாத திராட்சையக்கூட பறிக்காம விட்டாங்க, பொகை தோல் வழியா உள்ள எறங்குனா ஒயின்ல சாம்பல் வாசம் அடிக்குமாம். நமக்கு அந்த கவலை இல்ல, நெருப்பு தான். தை மாசமே வேலியோரம் புல்லு சருகு வழிச்சு டிராக்டர் ஓட்டிட்டா பாதி பயம் போச்சு, கிளை கழிச்ச கவாத்து குச்சிய மட்டும் அங்கயே கொளுத்தாதீங்க. ஆனா காட்டுக்குள்ள தீத்தடுப்பு கோடு, அதான் தீ தாண்டாம இருக்க புல்லு சருகு வழிச்சு விடற வெத்துப் பட்டை, நாம வெட்ட முடியாதே, வனத்துறைக்காரங்க அதையும் தைலயே வெட்டிக் குடுக்கணும்.

இப்படிக்கு,
ஒரு மா விவசாயி, கிருஷ்ணகிரி மாவட்டம்