பிளௌ லேனிலிருந்து தம்பிக்கு

ரூட்டிங், லண்டன்
ஓகஸ்ட் 2025

அன்பின் தம்பிக்கு,

நான் நல்ல சுகம். அம்மாவும் நீங்கள் எல்லாரும் அங்கு சுகமாக இருக்க வேண்டுகிறேன். நிற்க, தொலைக்காட்சியில் வருகிற பெரிய கழகங்களை விட்டால் மற்றக் கழகங்கள் இங்கே எப்படிச் சீவிக்கின்றன, கீழே கிடக்கிற ஒன்று மேலே வர முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஆனால் அதைச் சொல்ல ஆட்டத்தை விட்டுக் காணி உறுதியில் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஏணியைப் பார். பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள். அதன் கீழே சம்பியன்ஷிப், லீக் வன், லீக் ரூ என்று மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 24. மொத்தம் 92. அதற்கும் கீழே நஷனல் லீக். பிறகு கிளை கிளையாகப் பிரிந்து ஊர்ப் பூங்காவில் ஆடுகிற கழகம் வரை போகும். லீக் ரூவில் முதல் மூன்று இடங்களும் நேரே ஏறும். 4 முதல் 7 வரை வந்தவர்கள் தங்களுக்குள் ஆடி ஒருவர் ஏறுவார். கடைசி இருவர் நஷனல் லீக்குக்கு இறங்குவார்கள். இந்த ஏற்ற இறக்கம் 1987 இலிருந்துதான் தானாக நடக்கிறது. அதற்கு முன்னர் வாக்கெடுப்பு. உள்ளே இருப்பவர்களே வாக்களிப்பதால் வெளியே நிற்பவனுக்குக் கதவு திறப்பது அரிது.

விம்பிள்டன் கழகம் 1977 இல் அப்படி வாக்கு வாங்கி உள்ளே வந்தது. ஒன்பதே ஆண்டில் அப்போது எல்லாவற்றுக்கும் மேலே இருந்த முதற்பிரிவு. 1988 இல் வெம்பிளியில் லிவர்பூலை 1-0 என்று வென்று, பெரிய கழகமும் சின்னக் கழகமும் மோதும் எஃப்.ஏ. கிண்ணம். இவ்வளவும் பிளௌ லேன் என்ற சின்ன மைதானத்தில் இருந்துகொண்டு. 1991 இல் அந்த மைதானத்தை விட்டார்கள். மைதான நெரிசலில் பலர் இறந்த ஹில்ஸ்பரோ அனர்த்தத்துக்குப் பிறகு பெரிய கழகங்கள் எல்லா இடத்தையும் இருக்கையாக்க வேண்டும் என்று வந்த விதிக்கு அது பொருந்தவில்லை. தற்காலிகம் என்று சொல்லி கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் மைதானமான செல்ஹேர்ஸ்ட் பார்க்குக்குக் குடிபோனார்கள். பழைய மைதானம் 1998 இல் ஒரு சுப்பர்மார்க்கெற் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். திரும்பி வர இடமில்லாத கழகத்தை எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம் தானே. 2002 மே மாதம் மூவர் அடங்கிய ஆணைக்குழு, இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில், கழகத்தை ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தள்ளியுள்ள மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதித்தது. ஊரில் புதிதாக ஒரு கழகம் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பொது நலனுக்கு உகந்ததல்ல என்றும் அறிக்கையில் எழுதி வைத்தார்கள். அந்த வரியை இந்தப் பகுதிச் சனம் இன்னும் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது.

இரண்டு நாளில் ஆதரவாளர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய கழகத்தைத் தொடங்கியாயிற்று. அடுத்த மாதம் விம்பிள்டன் பொதுவெளியில் யாரும் வரலாம் என்று வீரர் தெரிவு வைத்தார்கள். ஏறத்தாழ 230 பேர் வந்தார்கள். ஆரம்பம் ஒன்பதாம் படியில். 2003 பெப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்கள் தோல்வியே இல்லை. ஒன்பது பருவத்தில் ஐந்து தரமுயர்வு. 2011 இல் லூட்டனைத் தண்ட உதையில் வென்று மறுபடியும் 92க்குள்.

இந்தக் கழகத்தின் உரிமை டொன்ஸ் ட்ரஸ்ட் என்ற ஆதரவாளர் சங்கத்திடம். ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு, எவ்வளவு காசு போட்டாலும். வெளியார் முதலீடு வாங்கலாம், பெரும்பான்மை சங்கத்தை விட்டுப் போகாமல். தங்களிடம் இருந்த கிங்ஸ்மெடோ என்ற மைதானத்தைச் செல்சி கழகத்துக்கு விற்று, பழைய இடத்துக்குக் கூப்பிடுதூரத்தில், நாய் ஓட்டப் பந்தயத் திடல் இருந்த காணியில் புதிய பிளௌ லேனைக் கட்டினார்கள். நடுவழியில் 1 கோடியே 10 இலட்சம் பவுண் குறைந்தது. பெரும்பான்மைப் பங்கை விற்றுவிடலாம் என்ற கதையும் வந்தது. அதற்குப் பதிலாக ஆதரவாளர்களே கடன்பத்திரம் வெளியிட்டார்கள். கடன் கொடுப்பவரே தனக்குரிய வட்டியைப் பூச்சியம் முதல் 4 வீதம் வரை தெரிவு செய்யலாம். 50 இலட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது. 2020 நவம்பரில் முதல் ஆட்டம், கொரோனாவால் பார்வையாளர் ஒருவரும் இல்லாமல். ஆனால் அது கடன், நன்கொடை இல்லை. வாங்கிய தொகையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அந்தப் பாரம் ஒவ்வொரு பருவத்தின் வரவுசெலவிலும் இருக்கும்.

வருமானத்தைக் கணக்குப் பார். மைதானத்தில் 9,215 பேர் கொள்ளும். பருவத்துக்குச் சொந்த மைதானத்தில் லீக் ஆட்டம் 23. ஓர் இருக்கையும் காலியில்லாமல் நிறைந்தாலும் 2,12,000 ரிக்கெற் தேறாது. மான்செஸ்டர் யுனைற்றட் அதை மூன்றே ஆட்டத்தில் தாண்டிவிடும். ஸ்கை தொலைக்காட்சி 2024 முதல் ஐந்து பருவத்துக்கு 93.5 கோடி பவுண் தருகிறது; பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள மூன்று பிரிவின் 72 கழகங்களுக்குப் பிரியும்போது பெரும்பங்கு சம்பியன்ஷிப்புக்குப் போகும். மிச்சத்துக்கு ஒரு நல்ல வீரனை விற்க வேண்டும், அல்லது எஃப்.ஏ. கிண்ணக் குலுக்கலில் பெரிய கழகம் ஒன்று விழ வேண்டும். எக்ஸெற்றர் என்ற சின்னக் கழகம் 2005 இல் மான்செஸ்டர் யுனைற்றட்டின் ஓல்ட் ட்ரஃபோர்டில் 0-0 என்று நின்று, மறு ஆட்டத்தையும் ஆடி, அந்த வசூலில் கடனிலிருந்து மூச்சு விட்டது. அதுவும் ஆதரவாளர்களின் கழகம். போன பருவத்திலிருந்து முதற்சுற்று தொட்டு மறு ஆட்டமே இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். பெரிய கழகங்களின் நாட்காட்டிக்காகச் சின்னவர்களின் உண்டியலை உடைத்த முடிவு அது.

வீரர்களுக்கான செலவு, லீக் ரூவில் வருமானத்தின் 50 வீதத்தையும் லீக் வன்னில் 60 வீதத்தையும் தாண்டக் கூடாது என்று 2025 இல் விதி. ஓட்டை எங்கே என்றால், முதலாளி பங்காகவோ கொடையாகவோ போடுகிற காசும் முழுதாக வருமானக் கணக்கில் சேரும். பணக்காரர் இருக்கும் கழகத்துக்கு எல்லை விரியும். அவர் மனம் மாறினால் சம்பள ஒப்பந்தங்கள் மட்டும் மிஞ்சும். முதலில் வரிக் காசு நிலுவையாகும், பிறகு புதிய வீரர் எடுக்கத் தடை, பிறகு கழகத்தைக் கலைக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனு. கடனைத் தீர்க்க முடியாமல் கழகத்தை நிர்வாகியிடம் ஒப்படைத்தால் 12 புள்ளி வெட்டு.

பெரி கழகத்தின் கதை இதுதான். 1885 இல் தொடங்கி, எஃப்.ஏ. கிண்ணம் இரு தரம் வென்ற கழகம். முந்திய நிர்வாகத்தில் மைதானத்தை ஈடு வைத்தார்கள், கார் நிறுத்தும் இடங்களைக்கூடத் துண்டு துண்டாக முதலீட்டாளருக்கு விற்றார்கள். 2018 டிசம்பரில் கழகம் 1 பவுணுக்குக் கைமாறியது. சம்பளம் கிடைக்காமலே ஆடிய வீரர்கள் 2019 ஏப்ரலில் லீக் வன்னுக்குத் தரமுயர்த்திக் கொடுத்தார்கள். ஓகஸ்ட் 27ஆம் திகதி கழகத்தை லீக்கிலிருந்தே நீக்கினார்கள். புள்ளிப் பட்டியலைப் பார்த்துக் கழகத்தின் சுகத்தை அறிய முடியாது, தம்பி.

இதையெல்லாம் பார்த்துத்தான் போன மாதம் உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம் நிறைவேறியது. மேல் ஐந்து பிரிவுக்கும் உரிமம், புதிய முதலாளிக்குப் பரிசோதனை, மைதானத்தை விற்கவும் மாற்றவும் இந்தச் சட்டத்தின் கீழ் வரும் ஒழுங்காளரின் சம்மதம். 2002 இல் இது இருந்திருக்க வேண்டும்.

காணி கையில் இருந்தாலும் ஆபத்து இல்லை என்று இல்லை. 2024 செப்ரெம்பர் மழையில் பக்கத்து வாண்டில் ஆறு பெருகி, புற்றரையின் ஓரத்தில் நிலம் உள்வாங்கிப் பெரிய குழி விழுந்தது. நியூகாசிலுடனான லீக் கிண்ண ஆட்டத்தையே நியூகாசிலின் மைதானத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. சனம் காசு சேர்த்தது, புற்றரை திரும்பியது, அதே பருவ முடிவில், இந்த மே மாதம், வெம்பிளியில் வோல்சோலை 1-0 என்று வென்று லீக் வன்னுக்கு ஏறினார்கள். அங்கே லூட்டனும் இருக்கிறது. 2011 இல் விம்பிள்டனிடம் தோற்ற லூட்டன் 2023 இல் பிரீமியர் லீக் வரை ஏறி, அடுத்தடுத்து இரு பருவம் இறங்கி, 2025-26 பருவத்தில் இதே பிரிவில்.

நீ வந்தால் சனிக்கிழமை பார்த்து வா. ஆட்டம் மூன்று மணிக்கு. பிற்பகல் 2.45 இலிருந்து 5.15 வரை இந்த நாட்டில் எந்த உதைபந்தாட்டத்தையும் நேரலையாகக் காட்டக் கூடாது என்ற பழைய விதியால்தான் சின்ன மைதானங்களுக்குச் சனம் வருகிறது. ரூட்டிங் புரோட்வேயில் இறங்கி நம்மாட்களின் கடைகளைத் தாண்டி நடந்தே போகலாம். எஃப்ரா றோட்டுக் கணபதி கோயிலிலிருந்தும் அதிக தூரமில்லை.

உங்கள் கழக மைதானத்தின் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து எழுது. கழகத்தின் பெயரிலா, தனி ஆள் ஒருவரின் பெயரிலா என்பதை முக்கியமாக எழுது.

அன்புடன்,
அண்ணா