கதை எதற்கு என்று கேட்ட வாசகருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேமில் விளையாட்டு நன்றாக இருந்தால் போதாதா, கதை எதற்கு என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘ஃபயர் எம்பிளம் என்கேஜ்’ கேமை இரண்டு முறை ஆடி முடித்தவன் நான். அவர் சொன்னது பாதிதான் சரி என்று தோன்றுகிறது.

2023 ஜனவரியில் நிண்டெண்டோ சுவிட்ச் என்ற கேம் கருவிக்கு வந்தது அது. கட்டம் கட்டமாகப் படையை நகர்த்தி மோத வேண்டும். வாள் கோடரியை வெல்லும், கோடரி ஈட்டியை, ஈட்டி வாளை. ஃபயர் எம்பிளம் வரிசைக் கேம்களில் இது பழைய விதிதான். என்கேஜில் அதற்குக் காரம் கூட்டியிருக்கிறார்கள். சரியான ஆயுதத்தால் அடித்தால் எதிரியின் ஆயுதம் கைநழுவிவிடும். அடுத்து வந்து அடிப்பவரையும் அவனால் திருப்பி அடிக்க முடியாது. ஆகவே யாரை முதலில் அனுப்புவது என்பதே பெரிய யோசனையாகிவிடுகிறது. கனத்த கவசக்காரர்களிடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது. அப்புறம் மோதிரங்கள். பழைய கேம்களின் நாயகர்கள் 12 பேர் அவற்றில் குடியிருக்கிறார்கள். சிகுர்டின் மோதிரத்தை மாட்டியவர் அடித்துவிட்டுக் கொஞ்சம் விலகிக்கொள்ளலாம். லினுடையது என்றால் வெகுதொலைவில் நிற்பவனையும் அம்பு தொடும். நாயகரோடு ஒன்றிப்போனால் கிடைக்கும் பலம் மூன்றே சுற்றுக்குத்தான். இப்போதே செலவழிப்பதா, பொறுத்திருப்பதா? எனக்குப் பலமுறை காபி ஆறியது இந்த இடத்தில்தான்.

சரி, கதைக்கு வருவோம். நாம் ஆடும் பாத்திரமான அலியர், ஆயிரம் ஆண்டு தூங்கி எழுந்த தெய்வ டிராகன். அம்மா லுமேரா மூன்றாம் அத்தியாயத்திலேயே இறந்துபோகிறார். அம்மாவைப் பற்றி அலியருக்கே எதுவும் நினைவில்லை. நமக்கும் அவர் இப்போதுதான் அறிமுகம். அழுகை மட்டும் நீண்டுகொண்டே போகிறது. நம் சினிமாவில் குண்டடி பட்டவர் பக்கம் பக்கமாகப் பேசிவிட்டுத் தலை சாய்ப்பாரே, அவர் தோற்றார். வில்லன் சோம்ப்ரோனுக்கு ஏன் இத்தனை வெறி என்பதும் முடியப்போகிற நேரத்தில்தான் தெரிகிறது. அதற்குள் நமக்கு அக்கறை போய்விடுகிறது.

இதே கேமின் 11ஆம் அத்தியாயத்தைத்தான் அந்த வாசகர் பார்க்க வேண்டும். அதற்குச் சற்றுமுன், அதுவரை நாம் சேர்த்த ஆறு மோதிரங்களும் பறிபோகின்றன. செய்த தவறைத் திருத்தக் காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் படிகமும் போய்விடுகிறது. நேற்றுவரை நம் கையில் இருந்த பலத்தோடு எதிரிகள் துரத்துகிறார்கள். நாம் வெறுங்கையோடு ஓடுகிறோம். ஒரு கட்டம் தப்பாக நகர்த்தினாலும் ஆள் போனது போனதுதான். அந்த ஓட்டத்தின் நடுவே, அதுவரை எதிரணியில் இருந்த இளவரசி ஐவி இரண்டு மோதிரங்களோடு நம் பக்கம் வருகிறாள். அப்போது வந்த நிம்மதியை எந்த வசனமும் எனக்குத் தரவில்லை.

இதே வரிசையில் 2019இல் வந்த ‘த்ரீ ஹவுசஸ்’ இதற்கு நேர்மாறு. மாணவர்களோடு பழகவைத்து, பிறகு அவர்களையே எதிரே நிறுத்தியது; போர்க்கள மேப்புகள்தான் திரும்பத் திரும்ப வந்து அலுப்பூட்டின. ஆகவே இந்தக் கேம்களைத் தருவது கதை எழுதத் தெரியாத நிறுவனம் இல்லை. விதிகளை வைத்தே கதை சொல்லத் தெரியும் என்று ஒரு அத்தியாயத்தில் காட்டிவிட்டு, மற்ற இடங்களில் அதை மறந்துவிட்டதுதான் என் வருத்தம்.

இரண்டாம் முறை ஆடியபோது பேச்சுக் காட்சிகள் அத்தனையையும் பொத்தானை அழுத்தித் தாண்டிவிட்டேன். 11ஆம் அத்தியாயத்தில் அப்போதும் கை வியர்த்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்
திருச்சி