ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு உன் லாரி வேண்டும்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. செமஸ்டர் தேர்வு, விடைத்தாள் திருத்தம் என்று நாள் ஓடிவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

தொப்பூர் இறக்கத்தில் நடந்ததை எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். முன்னால் போன வேன் சட்டென்று நின்றது, உன் டிரைவர் பிரேக் அடித்தார், லாரியும் நின்றுவிட்டது. ஆனால் பின்னால் வந்த கார்க்காரருக்கு அப்படியொரு வேன் இருப்பதே தெரியாது. அவர் கண்ணில் பட்டதெல்லாம் உன் லாரியின் பின்கதவும் தார்ப்பாயும்தான். கார் நசுங்கியும் உள்ளே இருந்தவர்கள் காயத்தோடு தப்பியது அவர்கள் செய்த புண்ணியம். பன்னிரண்டு வருடமாக நான் மண்டையை உடைத்துக்கொள்வது அந்தக் கார்க்காரர் மாதிரி ஆட்களுக்காகத்தான், முருகேசா.

போன தடவை டீக்கடையில் "வண்டியும் வண்டியும் அப்படி என்னத்தைப் பேசிக்கும்?" என்று கேட்டாய். அன்றைக்கு அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை.

உன் லாரியில் இப்போதே இரண்டு ரேடியோ சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒன்று கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக். அதில் பேட்டரி கிடையாது. டோல்கேட்டில் இருக்கும் ரீடர் அனுப்புகிற அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு, தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். இன்னொன்று ஜிபிஎஸ் பெட்டி. அது சிம் கார்டு வழியாக டவருக்குப் போய், எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், கடைசியில் உன் போனுக்கு வருகிறது. இரண்டுமே பக்கத்தில் வரும் வண்டிக்கு ஒரு வார்த்தை சொல்லாது.

நாங்கள் செய்வது மூன்றாவது வகை. ஒவ்வொரு வண்டியும் நொடிக்குப் பத்துத் தடவை, தான் இருக்கும் இடம், வேகம், திசை, பிரேக் மிதித்திருக்கிறதா என்பதைக் காற்றில் விடும். டவரும் சிம்மும் தேவையில்லை. ஏறக்குறைய 300 மீட்டர் சுற்றுவட்டத்தில் யார் இருந்தாலும் கேட்டுக்கொள்ளலாம். ஹாரன் மாதிரி என்று வைத்துக்கொள். ஹாரன் அடிக்கும்போது எதிரே வருவது யார் என்று பெயர் கேட்பதில்லை அல்லவா? வீட்டு வைஃபையில் பெயர், பாஸ்வேர்டு, சம்மதம் என்று வரிசையாக நடந்த பிறகுதான் பேச்சு. அதற்குள் சாலையில் இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று கடந்தே போய்விடும். அதனால் 2010இல் வந்த 802.11p என்ற வைஃபை விதிமுறையில் அந்த முன்னேற்பாடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடும். மனிதன் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால் 33 மீட்டர் போய்விட்டது. ரேடியோ செய்தி பத்தில் ஒரு நொடிக்கு ஒன்று என்பதால் இரண்டு மீட்டர் சொச்சத்துக்குள் வந்து சேரும். தொப்பூரில் அந்தக் காருக்குக் கிடைக்காமல் போனது இந்த முப்பது மீட்டர்தான்.

சிக்கலும் ஹாரன் மாதிரியேதான். அடித்த பிறகு "கேட்டது" என்று யாரும் திருப்பிச் சொல்வதில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் குழம்பிப் போகும். அதற்காகப் பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும் வழக்கம் உண்டு. ஆனால் மலை வளைவின் இரு பக்கமும் இருக்கும் வண்டிகளுக்கு ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்காது. நடுவில் இருக்கும் மூன்றாவது வண்டியின் காதில் இரண்டும் சேர்ந்து விழுந்து ஒன்றுமே புரியாமல் போகும். டோல்கேட் கூட்டம் இன்னும் மோசம். 200 வண்டி இருந்தால் நொடிக்கு 2,000 செய்தி. ஒவ்வொன்றும் 300 பைட், அதாவது 2,400 பிட், வேகம் நொடிக்கு 60 லட்சம் பிட் என்று கணக்குப் போட்டுப் பார். ஒரு செய்திக்கு 0.4 மில்லிநொடி. அப்படியானால் ஒவ்வொரு நொடியிலும் 0.8 நொடி அந்தச் சானல் பேச்சிலேயே போய்விடுகிறது. கூட்டம் கூடினால் வண்டிகள் தாமாகவே பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும். என் மாணவி ஒருத்தியின் ஆராய்ச்சி இதுதான், நன்றாகச் செய்கிறாள்.

ஒரு வருத்தத்தையும் உன்னிடம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1999லேயே இதற்கென்று 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒதுக்கினார்கள். 2012இல் மிச்சிகனின் ஆன் ஆர்பர் ஊரில் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான வண்டிகளில் கருவியைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். 2016 டிசம்பரில் புதிய கார்களுக்கெல்லாம் கட்டாயமாக்கலாம் என்று வரைவு விதியும் வந்தது. ஆனால் சட்டம் வரவில்லை. 2020இல் அந்த 75இல் 45ஐ வைஃபைக்குக் கொடுத்துவிட்டு, மீதி 30ஐயும் செல்போன் தொழில்நுட்பத்திலிருந்து பிறந்த சி-வி2எக்ஸ் என்ற வேறு முறைக்கு மாற்றிவிட்டார்கள். 2023இல் வரைவு விதியும் வாபஸ். புது முறை நல்ல முறைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வருடம் அந்த அலைவரிசை பெரும்பாலும் வெறுமனே கிடந்ததை நினைத்தால் மனம் ஆறவில்லை. காரணம் எளிது. நூறில் பத்து வண்டியில் கருவி இருந்தால், சந்திக்கும் இரண்டு வண்டியிலும் இருக்க நூறில் ஒரு வாய்ப்புதான். முதலில் வாங்குபவனுக்குப் பலன் ஒன்றுமில்லை. எல்லோரும் சேர்ந்து வாங்கச் சட்டம்தான் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. 2022இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு நாற்பத்து நான்குக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். காருக்கு மட்டும் கருவி வைத்து நாம் யாரைக் காப்பாற்றுவது? பைக்கின் ஹெட்லைட் பக்கம் வைக்கிற மாதிரி சின்னதாக, மழையில் நனைந்தாலும் கெடாததாக, மலிவாக ஒன்று வேண்டும். அதில்தான் என் கவனம் முழுக்க இருக்கிறது.

சரி, லாரி விஷயத்துக்கு வருகிறேன். மாசி மாதம் எங்கள் வளாகச் சாலையில், வேண்டிய அனுமதி வாங்கி, இரண்டு கார்களின் கூரையில் ஆன்டெனா வைத்துச் சோதித்தோம். செய்திகளின் வரிசை எண் திரையில் ஒன்றுவிடாமல் வந்துகொண்டிருந்தது. நடுவில் கல்லூரிப் பேருந்து நுழைந்ததும் 412, 413, 417, 418, 425 என்று ஓட்டை விழுந்தது. அந்த அலையின் நீளம் ஐந்து சென்டிமீட்டர்தான், தடையைச் சுற்றி வளைந்து வருவது கஷ்டம். ஜப்பானில் டொயோட்டா 2015இல் இறக்கிய முறை 760 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அலை நாற்பது சென்டிமீட்டர், அதனால் ஓரளவு சுற்றி வரும். நம்மிடம் அந்த வசதி இல்லாதபோது, மறைக்கிற லாரியே கேட்டுச் சொல்ல வேண்டும். ஆனால் ஆன்டெனாவை எங்கே வைப்பது? கேபின் மேல் வைத்தால், பின்னால் அதைவிட உயரமாக அடுக்கிய லோடு மறைத்துவிடும். இரண்டு பக்கக் கண்ணாடியிலும் ஒவ்வொன்று வைத்தால் சரியாகும் என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டர் திரையில் லாரி வெறும் செவ்வகக் கட்டம். மக்காச்சோள மூட்டையையும் அதன் ஈரத்தையும், தார்ப்பாய்க் கயிற்றையும் அது அறியாது.

அதனால் கேட்கிறேன். தீவன மில்லுக்கு மக்காச்சோளம் ஏற்றிப் போகும் உன் பத்து சக்கர வண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா நின்றால், லோடோடு அரை நாள் எனக்கு வேண்டும். டீசலும் டிரைவர் படியும் என் பொறுப்பு. கண்ணாடிக் கம்பியில் கிளாம்ப் மட்டும்தான் போடுவோம், துளை எதுவும் போட மாட்டோம். பாடி கட்டும் பட்டறையில் உனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவரும் கூட வந்தால் நல்லது. கண்ணாடிக் கம்பி எவ்வளவு அதிர்வைத் தாங்கும் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அன்று பிரேக் அடித்த டிரைவர் அண்ணனே வண்டி ஓட்டட்டும். அவர் உட்காரும் இடத்திலிருந்து எது தெரிகிறது, எது மறைகிறது என்று அவர் வாயாலேயே கேட்க ஆசை.

தேதியை எழுது. தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்,
சேகர்