கிணற்றடி வேலியை விட்டுவையுங்கள்

அல்சூர், பெங்களூர்.
மார்கழி மாதம்.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். உங்கள் எல்லோருடைய நலத்தையும் அறிய ஆவல். அம்மாவின் கடிதம் கிடைத்தது. பெரியண்ணை கனடாவிலிருந்து காசு அனுப்பியிருப்பதையும், தை பிறந்ததும் நாலு பக்கத்து வேலியையும் பிடுங்கி மதில் கட்டப்போவதையும், தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வைத்திருந்ததற்காகத் தம்பி அப்பாவிடம் ஏச்சு வாங்கியதையும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். மதிலைப் பற்றியும் வண்டைப் பற்றியும் எனக்குச் சொல்ல நிறைய இருப்பதால், பரீட்சை நேரமாக இருந்தும் உடனே எழுதுகிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீற்றர் உயரத்தில் இருப்பதால், மார்கழி இரவுகளில் 15, 16 பாகை செல்சியஸ் வரை இறங்குகிறது. அம்மா தந்துவிட்ட கம்பளிச் சட்டையே போதும், புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. இப்போது அவரைக்காய்ப் பருவம். தெருமுனைகளில் குவித்து வைத்து விற்கிறார்கள், பச்சைக் கொட்டையை உரித்து எல்லாக் கறியிலும் போடுகிறார்கள். சாம்பாருக்கு வெல்லம் சேர்ப்பதுதான் இன்னும் என் நாக்குக்குப் பழகவில்லை. நம் கறித்தூள் பாதிப் போத்தல் இருக்கிறது, அளந்து பாவிக்கிறேன். இரவுக்குப் பாணும் வாழைப்பழமும் போதுமாக இருக்கிறது, படிக்கவும் நேரம் மிச்சமாகிறது.

மேல்மாடி ஐயாவைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன் அல்லவா, அவருடைய பாட்டனார் காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்தக் கண்டோன்மென்ட் பகுதிக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அவர் சுவர்க்கோழி என்ற, இரவில் சத்தமிடும் பூச்சியை வளர்க்கிறார். தெருவில் உள்ளவர்கள் அவரை ஒரு மாதிரியான மனிதர் என்று சொல்கிறார்கள். அவர் அந்தச் சிறிய உயிரைப் பேணும் முறையைப் பார்த்த எனக்கு அவர்மேல் மிகுந்த மதிப்பு உண்டு. அகன்ற மண்சட்டியின் அடியில் மணல் பரப்பி, ஒளிந்துகொள்ள முட்டை அட்டைத் துண்டுகளை நிறுத்தி, வாயை நுளம்புவலைத் துணியால் கட்டியிருக்கிறார். தண்ணீரைத் திறந்த மூடியில் வைத்தால் பூச்சி அதில் விழுந்து மூழ்கிவிடும் என்பதால் நனைத்த பஞ்சு வைக்கிறார். வெள்ளரிக்காய்த் துண்டும் கேழ்வரகு மாவும் சாப்பாடு, இடையிடையே ஒரு சிட்டிகை கருவாட்டுத் தூள். புரதம் போதாவிட்டால் அவை ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கிவிடும். இரண்டு ஆண்களை ஒரே சட்டியில் விட்டால் சண்டைதான் நடக்கும் என்பதால் எப்போதும் ஒன்றை மட்டுமே வைத்திருப்பார்.

இது ஒன்றும் புதுப் பைத்தியம் இல்லை, அப்பா. சீனாவில் தாங் அரசர் காலத்திலேயே, அதாவது ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, அரண்மனைப் பெண்கள் சுவர்க்கோழியைச் சிறிய பொற்கூட்டில் அடைத்துத் தலையணைக்கு அருகில் வைத்து இரவில் அதன் குரலைக் கேட்டார்கள். பின்னாளில் அந்நாட்டவர் குளிர்காலத்தில் அதைச் சுரைக்குடுவைக்குள் விட்டு, உடற்சூடு படும்படி சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். ஜப்பானிலும் குரலுக்காகவே பூச்சி வளர்க்கும் வழக்கம் இன்றுவரை இருக்கிறது.

நாம் வாயால் கத்துகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த அந்தச் சத்தம் இறக்கையிலிருந்து வருகிறது. ஒரு முன்னிறக்கையின் அடியில் நுண்ணிய பற்கள் வரிசையாக இருக்கின்றன. சீப்பின் பல்லில் நகத்தை இழுப்பதுபோல, மற்ற இறக்கையின் விளிம்பு அந்தப் பற்களில் உரசும்போதுதான் ஒலி பிறக்கிறது. பாடுவது ஆண் மட்டுமே. கேட்கும் காதுகள் முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. குளிர் கூடினால் உரசும் வேகம் குறையும். அந்தக் குரலை எண்ணியே அன்றைய வெப்பநிலையைக் கணக்கிட ஏமோஸ் டோல்பேர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1897 இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். ஐயாவின் சட்டியில் இருப்பதும் இந்தக் குளிரில் நிறுத்தி நிறுத்தித்தான் பாடுகிறது.

இந்த ஊரைச் சேர்ந்த இன்னொரு செய்தியைத் தம்பிக்கு வாசித்துக் காட்டுங்கள். இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் ரோகிணி பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் புதர்ச் செடிகளில் வாழும் மெல்லிய, வெளிறிய ஒரு வகைச் சுவர்க்கோழியை ஆராய்ந்து 2020 இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த ஆண் பூச்சி இலையின் நடுவில் தன் அளவுக்கு ஒரு துளையைக் கடித்து, அதற்குள் உடலைப் பொருத்தி, இறக்கைகளை இலையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு பாடுகிறது. இறக்கையின் முன்புறத்து ஒலியும் பின்புறத்து ஒலியும் ஒன்றையொன்று அழித்துவிடாமல் இலை நடுவே தடுத்து நிற்பதால் குரல் பெரிதாகிறது. இப்படிச் செய்பவை பெரும்பாலும் உருவத்தில் சிறியவையும் இயல்பிலேயே குரல் தாழ்ந்தவையும். யாரும் கற்றுக்கொடுக்காமல், ஓர் இலையைத் தன் குறைக்கு ஈடாகச் செய்துகொள்ளும் இந்தப் பூச்சியை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. நம் வேலியில் இதைப்போல எத்தனை இருக்கின்றன என்று ஒருநாளும் பார்க்காமல் இருந்துவிட்டோமே.

ஐயா ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போவார். அந்த இரவுகளில் என் அறையில் இன்னோர் உயிரின் சத்தம் இருக்கும். மின்சாரம் நின்ற இரவுகளில் கிணற்றுக்கட்டில் அப்பம்மாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தபோது வேலி முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த அதே சத்தம். பூவரசுக்குக் கீழே மின்மினி பறப்பதும், அம்மா குசினியிலிருந்து விளக்கைக் கொண்டுவருவதும், அப்பம்மா விசிறியால் என் முதுகைத் தடவுவதும் அப்படியே கண்முன் வந்துவிடுகின்றன. எனக்கு வீடு வேண்டும் போல இருக்கிறது, அம்மா. பகலில் அது தெரிவதில்லை. கவலைப்படாதீர்கள், இன்னும் ஒரு வருடப் படிப்புத்தானே.

அதனால்தான் மதிலைப் பற்றிக் கேட்கிறேன். தெருப் பக்கத்துக்கு மதில் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை, மாடு வருகிறது, கள்ளர் பயமும் இருக்கிறது. கிணற்றடிப் பக்கத்து வேலியை மட்டும் விட்டுவையுங்கள். அந்தப் பக்கம் மாமி வீட்டு வளவுதான், அவர்களோடு நமக்கு எல்லைச் சண்டையும் கிடையாது. அந்தக் கிளுவைக்கும் பூவரசுக்கும் கீழே பல வருடமாக உதிர்ந்து கிடக்கும் சருகுக்கு அடியில் உள்ள ஈர மண்ணில்தான் சுவர்க்கோழி முட்டையிடுகிறது, மின்மினியின் புழுவும் அந்த ஈரத்தில்தான் வளர்கிறது. மின்மினிப் புழுவுக்கு நத்தைதான் இரை என்பதை அம்மா நினைவில் வைத்திருக்க வேண்டும், மாரியில் உங்கள் கீரைப் பாத்தியை நத்தை எப்படி அழிக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. பெரியண்ணை மதில் மூலைகளில் பூட்டச் சொல்லும் பெரிய விளக்குகளையும் கிணற்றடிப் பக்கம் வேண்டாம் என்று சொல்லுங்கள். மின்மினிகள் தங்கள் வெளிச்சத்தைக் காட்டித்தான் சோடி தேடுகின்றன, இரவெல்லாம் விளக்கெரிந்தால் ஒன்றையொன்று காண முடியாமல் போகும்.

தம்பியை ஏச வேண்டாம். தீப்பெட்டி சிறியது, காற்றுப் புகாது, ஆகவே பெரிய அட்டைப்பெட்டியில் துளையிட்டு வைக்கச் சொல்லுங்கள். பொன்வண்டை எந்த மரத்தில் பிடித்தானோ அந்த மரத்து இலையைத்தான் தினமும் புதிதாகப் பறித்துப் போட வேண்டும், கண்ட இலையைத் தின்னாது. அந்தப் பச்சைப் பளபளப்பு சாயம் அல்ல, ஓட்டின் மிக நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரியும் நிறம், வண்டு செத்த பிறகும் மங்காது என்று அவனுக்கு விளக்குங்கள். பறக்கும் வண்டாக அது வாழ்வது சில வாரங்களே. எனவே இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு, அதே மரத்தில் கொண்டுபோய் விட வேண்டும். சுவர்க்கோழி வளர்க்க விரும்பினால் ஐயாவின் முறையை மேலே எழுதியிருக்கிறேன்.

தென்னைக்கு மருந்தடிக்கப் போவதாக அப்பா எழுதியிருந்தீர்கள். குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்கு நான் பரிந்துபேச மாட்டேன். ஆனால் அதன் புழுக்கள் எருக்கும்பியிலும் உக்கிய தென்னங்குற்றியிலும்தான் இருக்கின்றன. முதலில் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இருக்கும் கும்பியைக் கிளறிப் புழுவைப் பொறுக்கிப் போட்டு, குற்றிகளை எரித்துவிடுங்கள். வளவு முழுவதும் நஞ்சு தெளித்தால் குருத்துக்குள் இருக்கும் வண்டு தப்பிவிடும், தேனீயும் சுவர்க்கோழியும்தான் சாகும்.

அப்பம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்களா? எனக்கென்று எடுத்துவைக்கும் காசை அதற்கே பாவியுங்கள். உதவித்தொகை இம்முறை சற்றுப் பிந்தித்தான் வரும், ஆனால் எனக்கு இங்கே பெரிய செலவு ஒன்றும் இல்லை. சின்னக்காவின் சம்பந்தம் பற்றி அம்மா ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள், மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்று விரிவாக எழுதுங்கள்.

பெரியண்ணைக்கு நானும் தனியாக எழுதுகிறேன், என்றாலும் அப்பா சொன்னால்தான் அவர் கேட்பார். மேசன் வருவதற்கு முன்பு கிணற்றடிப் பக்கத்து வேலியில் ஊன்றிய தடிகளில் எத்தனை கதியால் பட்டுப்போயிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நிலத்தில் ஈரம் இருக்கும்போதே மாமி வீட்டுக் கிளுவையில் வெட்டி ஊன்றினால் தையிலேயே தளிர்த்துவிடும், அண்ணைக்கும் அந்தப் பக்கத்து மதில் செலவு மிச்சமாகும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்.