சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் வேண்டாம்

ஆசிரியருக்கு,

தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தைப் பற்றிய கட்டுரை அருமை. 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அதன் சிலுவை வடிவமும், முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் முடி பொறித்த முத்திரையும் இன்றும் கண்ணை நிறுத்துகின்றன. ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு அடக்கமாகியிருப்பதும் அங்கேதான்.

எங்கள் ஆந்திர எல்லைப் பக்கத்து லுத்தரன் ஆலயங்களையும் பேச வேண்டும். ஹெர்மான்ஸ்பர்க் மிஷன் என்ற ஜெர்மானிய லுத்தரன் அமைப்பின் வழிவந்த, சுண்ணாம்பு பூசிய பழைய கட்டடங்களில், திருவிழா நெருங்கினால் உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்துவிடுகிறார்கள். பார்க்கப் பளபளப்புதான். ஆனால் தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி மேலே போகும். உப்புப் பூத்து, உள்ளே செங்கல் மாவாகும். ஓரிரு மழைக்காலத்தில் சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயரும்போது பழைய பூச்சையும் பிய்த்துக்கொண்டு வரும்.

முதலில் கூரை ஒழுகலையும் சுவரடியில் தேங்கும் நீரையும் சரிசெய்யுங்கள். பிறகு சில வாரம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்றுமணல் மூன்று பங்கு; கடுக்காய், வெல்லம் ஊறிய நீர் விட்டு அரைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசி, சாக்கு நனைத்துக் காயவிடாமல் வைத்திருக்க வேண்டும். மேலே வெள்ளையடித்தால் போதும். கூலி கூடும்தான். பலிபீடத்துக்குப் பின்சுவரில் மட்டுமாவது இப்படிச் செய்து பார்க்கலாம்.

– ஒரு வாசகர், சூலூர்பேட்டை