வேட்பாளரின் செலவுக் கணக்கை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் ஒன் மாணவர்களுக்குத் தேர்தல் செலவைப் பற்றி நடத்த, நம் மாவட்டத்தில் நடந்து முடிந்த சட்டமன்றத் தேர்தலின் செலவுக் கணக்கு ஒன்றே போதும். முடிவு வெளியான 30 நாளுக்குள் வேட்பாளர் அதை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தந்தாக வேண்டும். ஒரு ரூபாய் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். பெயரையும் சின்னத்தையும் மறைத்துவிட்டு நகலெடுங்கள். இல்லையென்றால் வகுப்பு கட்சிச் சண்டையாகி, மறுநாள் பெற்றோர் வந்து நிற்பார்கள்.

பந்தல், நாற்காலி, டீ, வண்டி வாடகைக்கு மாவட்ட நிர்வாகம் தரும் விலைப்பட்டியலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கூட்டல் சரியாகத்தான் இருக்கும். 'ஆயிரம் நாற்காலி போட்ட கூட்டத்துக்கு டீச்செலவு எங்கே சார்?' என்று பிள்ளைகள் கேட்கும்போதுதான் பாடமே தொடங்குகிறது. வேட்பாளருக்கான உச்சவரம்பு 2022இல் 40 லட்சம் ரூபாயாக உயர்ந்தது; கட்சியின் செலவுக்கோ வரம்பே கிடையாது. இந்த ஓட்டைக்கு ஒரு பாடவேளை முழுசாக வேண்டும். நன்கொடை தருபவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் தர வழிவிட்ட தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததை அதற்குப் பிறகு சொன்னால்தான் பிடிபடும்.

ஓட்டுக்குக் கொடுக்கும் பணம் எந்தக் கணக்கிலும் ஏறாது. அதற்கு, 2016இல் பணப்பட்டுவாடாவால் தேர்தலே ரத்தான அரவக்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக் கரூர் மாவட்டத்துத் தொகுதிதானே.

– அரசியல் அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
ஈரோடு